நானூற்று நாற்பத்தெட்டு மைக்ரோன்

மாகிரட் மோதியது ஒரு மானில்.

திருகோணமலையில் இது பெரிய செய்தியல்ல. பஸ் நிலையத்தடியில் மான்கள் நின்று வாழைப்பழத் தோல் தின்கிற ஊர் இது. ஆனால் இந்த மான் குறுக்கே பாய்ந்த மானல்ல. பகல் பதினொரு மணி வெயிலில், வீதியோரம், அவளுடைய இடப்பக்கத்தில், தன்பாட்டில் நின்ற மான். மாகிரட்டின் ஸ்கூட்டி போய் அதன் விலாவில் இடித்தது. மான் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு விலகிப் போனது. மாகிரட் முழங்கை உரஞ்சி, நிலாவெளி விடுதி ஒன்றுக்குக் கொண்டுபோன இடியப்பத்தோடு தெருவில் கிடந்தாள்.

“மானைக் காணேல்லையே?” என்று கேட்டான் அவள் கணவன் பேணாட். மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களைத் திருத்துகிறவன் அவன். கை முழுக்க கிறீசோடு ஓடி வந்திருந்தான்.

“காணேல்லை.”

“கொம்போடை நிண்ட மானை?”

“கொம்பும் காணேல்லை. இடிச்சாப் பிறகுதான் மான் வந்தது.”

அந்த மாதத்தில் இது மூன்றாவது. முதலாவது பாலையூற்றிலுள்ள அவர்களுடைய சொந்தக் கேற்றின் தூண். இரண்டாவது, பூசை முடிந்து வெளியே வந்த ஒரு கன்னியாஸ்திரி. தூணும் கன்னியாஸ்திரியும் இடப்பக்கத்தில்தான் நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு, கோயில் வாசலில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று பேணாட் நினைத்தான். ‘உங்கள் கண்கள் உலகத் தரத்தில் அளக்கப்படும். இலவசம். தேநீரும் பணிசும் வழங்கப்படும்.’ கீழே, கருவிழித் தடிப்பு நம்பகத்தன்மை நிலையம், துறைமுக வீதி என்றிருந்தது.

நிலையம் ஒரு பழைய பண்டகசாலைக் கட்டடம். முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள். வலப்பக்க ஜன்னலின் மேல் ‘ஆரோக்கியமான கண்கள்’ என்றும், இடப்பக்க ஜன்னலின் மேல் ‘ஏனைய கண்கள்’ என்றும் எழுதியிருந்தது. இடப்பக்க ஜன்னல் பூட்டிக்கிடந்தது. அதில் ஒட்டியிருந்த அறிவித்தல், ‘அளவீடுகள் நம்பத்தகுந்தவை என நிரூபிக்கப்பட்டதும் இந்த ஜன்னல் திறக்கப்படும்’ என்றது. பூட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்து, திறப்பு நுழையும் துவாரமே அடைபட்டுப் போயிருந்தது.

வலப்பக்க ஜன்னலில் லோஜினி என்ற பெண் இருந்தாள். நல்ல பிள்ளை. மாகிரட் வாயைத் திறக்க முன்னமே கையைக் காட்டித் தடுத்தாள்.

“என்ன பிரச்சினை எண்டு சொல்லாதேங்கோ அக்கா. சொன்னா நான் எழுதவேணும். எழுதினா நீங்கள் மற்ற ஜன்னலுக்குப் போகவேணும். அது பூட்டு.”

“அப்ப நாங்கள் என்ன செய்யிறது?”

“சும்மா இருங்கோ. கண்ணின்ர பிரஷர் பாப்பம்.”

கண்ணுக்குள் காற்றடிக்கும் ஒரு மெசினில் மாகிரட்டை இருத்தினார்கள். பதினெட்டு என்று வந்தது. இருபத்தொன்றுக்குக் கீழே இருந்தால் ஆரோக்கியமான கண் என்பது நிலையத்தின் சட்டம். லோஜினி படிவத்தில் ‘ஆரோக்கியம்’ என்று முத்திரை குத்தினாள். அவளுக்கே ஆறுதலாக இருந்தது போலும், சிரித்தாள்.

“அப்ப மான்?” என்றான் பேணாட்.

“மானுக்குப் படிவத்திலை இடமில்லை அண்ணை.”

இப்படித்தான், கண் தெரியவில்லை என்று போன மாகிரட், ஆரோக்கியமான கண்களின் பட்டியலில் நாற்பத்தோராம் ஆளாகச் சேர்ந்தாள். அவளுக்குத் தேநீரும் பணிசும் கொடுத்தார்கள். பணிசுத் தட்டு இடப்பக்கம் வைக்கப்பட்டதால் அவள் அதைக் காணவில்லை. பேணாட் இரண்டு பணிசையும் தின்றான். இதைப் பின்னால் நினைத்து அவன் மிகவும் வெட்கப்பட்டான்.

நிலையத்தின் வேலை இதுதான். கருவிழி என்பது கண்ணின் முன்னாலுள்ள கண்ணாடி போன்ற தோல். அதன் தடிப்பை மைக்ரோனில், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளப்பார்கள். ஒரே கண்ணை லோஜினி ஒளி மெசினால் மூன்று தரம் அளப்பாள். பிறகு நுஸ்கி என்ற கிண்ணியா இளைஞன், மரத்துப்போகிற மருந்து விட்டு, கண்ணில் தொடுகிற மெசினால் மூன்று தரம் அளப்பான். இரண்டு பேருடைய எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். ஐந்து வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவருடைய எண் மற்றவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனம் சாய்ந்துவிடும். ஆகவே இருவருக்கும் நடுவில் ஒரு கறுப்புத் திரை. எண்கள் உறையிலிட்டு அரக்கு வைத்து ஒட்டப்படும். அளவீடுகளைப் பற்றியோ, அளக்கப்பட்டவர்களைப் பற்றியோ இருவரும் பேசக்கூடாது. அவர்கள் சந்திப்பதே அளவீட்டில்தான் என்பதால், நடைமுறையில் எதைப் பற்றியுமே பேசுவதில்லை. ஒருநாள் நுஸ்கியின் சட்டைக்குப் பின்னால் மட்டத்தேள் ஒன்று ஊர்ந்தது. லோஜினி அதைக் கண்டாள். விண்ணப்பப் படிவம் எழுதிப் பணிப்பாளரிடம் கொடுத்தாள். அனுமதி வருமுன் தேள் தன்பாட்டில் இறங்கிப் போய்விட்டது.

பணிப்பாளர் கலாநிதி பாக்கியரத்தினம் கண் வைத்தியரல்லர். அளவைகள் பற்றிய படிப்பில் பட்டம் பெற்றவர். நிலையத்தில் கண் வைத்தியரே கிடையாது. ஏன் என்று பேணாட் கேட்டபோது, அவர் பொறுமையாக விளக்கினார்.

“டொக்டர் ஒருத்தரை வைச்சா அவர் வருத்தத்தைத் தேடுவார். தேடினாக் கிடைக்கும். கிடைச்சா எங்கட ஆய்வு பழுதாப் போயிடும்.”

ஒவ்வொரு புதன்கிழமையும் மாகிரட் போனாள். காலை, மத்தியானம், பின்னேரம் என்று ஒரு நாளில் இடக்கண்ணுக்குப் பதினெட்டு அளவு. அவள் சமைக்காத புதன்களில் நிலாவெளி விடுதிக்காரர் வேறிடத்தில் இடியப்பம் எடுக்கத் தொடங்கினார். “போகட்டும்,” என்றாள் மாகிரட். “இத்தினை தரம் பாக்கினம். ஏதும் இருந்தாச் சொல்லாமல் விடுவினமே?”

பேணாட்டும் அப்படித்தான் நம்பினான். அளந்துகொண்டேயிருக்கிறவர்கள் கவனித்துக்கொண்டும் இருப்பார்கள் என்று நினைப்பது மனித இயல்பு.

நான்காவது வாரம் ஒரு சிக்கல் வந்தது. நித்திரையில் கண் மூடிக்கிடப்பதால் கருவிழி சற்றே வீங்கும்; விழித்த பிறகு வடியும். ஆகவே காலை அளவுக்கு, ஆரோக்கியமான கண்கள் வீட்டிலிருந்து நிலையம் வரும்வரை திறக்கப்படக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. விடிய ஐந்தரைக்கு நிலையத்து வான் வந்து பாலையூற்றுச் சந்தியில் ஹோன் அடிக்கும். மாகிரட் கண்ணை மூடிக்கொண்டே எழும்பி, மூடிக்கொண்டே முகம் கழுவி, சேலை உடுத்து, பேணாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவாள். வானுக்குள் ஏற்கெனவே ஏழெட்டு ஆரோக்கியமான கண்காரர் மூடிய கண்களோடு, ஒருவர் தோளை மற்றவர் பிடித்தபடி இருப்பார்கள். பால் வாங்கப் போகிற சனம் இவர்களைப் பார்த்து ‘ஐயோ பாவங்கள்’ என்று உச்சுக்கொட்டும். ஒரு கிழவர் சாரத்தை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நின்று, ஆளுக்கு இருபது ரூபா வீதம் வானுக்குள் எறிந்தார்.

“மூடினாலும் திறந்தாலும் இடக்கண்ணுக்குப் பெரிசா வித்தியாசமில்லையப்பா,” என்று மாகிரட் ஒருநாள் வானுக்குள் பேணாட்டிடம் மெதுவாகச் சொன்னாள்.

அன்றைக்கே பேணாட் நிலைய மண்டபத்தில் சட்டமிட்டு மாட்டியிருந்த அறிவித்தலைப் போய் நின்று வாசித்தான். நிலையத்தின் நோக்கம் அதில் பொன் எழுத்தில் இருந்தது: ‘கருவிழி மெல்லியதாயின் கண்ணழுத்தம் உண்மையிலும் குறைவாகக் காட்டப்படலாம். மறைந்திருக்கும் நோய் தெரியாமற் போகலாம். ஆதலால் கருவிழித் தடிப்பை அளத்தல் இன்றியமையாதது.’ மூன்று தரம் வாசித்தான். அரச கடிதத் தமிழ்தான், ஆனாலும் எஞ்சின்காரனுக்கு விளங்கியது. ஓர் அளவு கோணலாக இருந்தால் மற்ற அளவும் பொய் சொல்லும்.

பணிப்பாளரின் அறைக்குள் போனான்.

“ஐயா, இவவின்ர கருவிழி மெல்லிசோ, தடிப்போ?”

பணிப்பாளர் முகம் மலர்ந்தது. அவர் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். நடுவில் ஒரு கோடு. மேலும் கீழும் இரண்டு புள்ளிக்கோடுகள். “இஞ்சை பாருங்கோ. நடுக்கோட்டுக்குக் கிட்ட இருந்தா, ரெண்டு பேரின்ர அளவும் ஒத்துப்போகுது எண்டு அர்த்தம். உங்கட மனுசின்ர புள்ளி நடுக்கோட்டிலேயே நிக்குது. லோஜினி நானூற்று நாப்பத்தெட்டு. நுஸ்கி நானூற்று நாப்பத்தெட்டு. இப்பிடி ஒரு கண்ணை நான் காணேல்லை.”

பேணாட் பார்த்தான். மற்றப் புள்ளிகளெல்லாம் ஐந்நூற்று நாற்பதைச் சுற்றி ஈ மொய்த்ததுபோல் கிடந்தன. ஒரேயொரு புள்ளி இடது ஓரத்தில் தன்னந்தனியாக நின்றது.

“இது ஏன் தனிய நிக்குது?”

“தனிய நிண்டாலும் கோட்டிலை நிக்குது.”

“மற்ற ஆக்களுக்கு ஐந்நூறுக்கு மேலை. இவவுக்குக் குறைவு. அப்ப மெல்லிசுதானே? அப்ப பிரஷர் பதினெட்டு எண்டது பொய்தானே?”

“அது இரண்டாம் கட்டம்,” என்றார் பணிப்பாளர். “அளவு என்ன சொல்லுது எண்டது இரண்டாம் கட்டம். அளவை நம்பலாமோ எண்டது முதலாம் கட்டம்.”

“இரண்டாம் கட்டம் எப்ப?”

“முதலாம் கட்டம் முடிய.”

“நான் எஞ்சின் பிளக்கின்ர இடைவெளியை அளக்கிறனான் ஐயா. கூடக்குறைய இருந்தா அந்த இடத்திலேயே தட்டிச் சரிப்பண்ணிப்போடுவன். அதுக்குத்தானே அளக்கிறது?”

பணிப்பாளர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “ஒருக்கா அளந்திட்டுத் தட்டுறியள். அது தொழில். இது விஞ்ஞானம். உங்கட மனுசி ஆரோக்கியமான கண். முத்திரை குத்தியிருக்கு. பயப்பிடாதேங்கோ.”

முத்திரை என்றதும் பேணாட் அடங்கிப்போனான். நம்முடைய ஆட்களுக்கு முத்திரையோடு வாதாடிப் பழக்கமில்லை.

பன்னிரண்டாம் புதனோடு மாகிரட்டின் இடக்கண் இருநூற்றுப் பதினாறு தரம் அளக்கப்பட்டிருந்தது. மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டே மைக்ரோன். நிலையம் விழா எடுத்தது. கொழும்பிலிருந்து அதிதிகள் வந்தார்கள். வாழை கட்டி, குத்துவிளக்கு வைத்து, ‘கிழக்கின் மிக நம்பகமான கண்’ என்று பதாகை தூக்கினார்கள். மாகிரட் கலியாணச் சேலையை எடுத்து உடுத்திருந்தாள்.

பணிப்பாளர் பேசினார்.

“இந்த நிலையம் தொடங்கி ஐந்து ஆண்டுகள். இந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு நோயாளியைக்கூட நாம் உள்ளே விடவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நாற்பதாயிரம் அளவீடுகள் எடுத்திருக்கிறோம். ஒருவருடைய பார்வையிலேனும் நாம் தலையிட்டதாக யாரும் சொல்ல முடியாது. மற்ற இடங்களில் எண்ணைக் கண்டதும் ஏதாவது செய்யப் பதறுகிறார்கள். நாங்கள் பதறமாட்டோம். எண்ணை எண்ணாகவே மதிப்போம்.”

கைதட்டல் அடங்கியதும் மாகிரட்டை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் படியேறி வந்தாள். பணிப்பாளர் சட்டமிட்ட சான்றிதழை ஏந்தி அவளுடைய இடப்பக்கம் நின்றார். மாகிரட் அவரைக் கடந்து நேரே போனாள். போய், குத்துவிளக்கிற்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

சபையில் சிலர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பணிப்பாளர் ஒலிவாங்கியில், “என்ன அடக்கம் பாருங்கள்,” என்றார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

பேணாட் தட்டவில்லை. முன்வரிசையில் இருந்தபடி, தன் மனைவியின் வெறுங் கைகளையே பார்த்தான். தனக்கு வந்தது அவமானமா, பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டுந்தான்.

வந்த சனிக்கிழமை அவளைக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே டொக்டர் இன்ஷிரா என்ற கண் வைத்தியர் சனிக்கிழமைகளில் ஒரு சின்ன அறையில் நோயாளர் பார்ப்பார். மருந்து விட்டு, விளக்குப் பிடித்து, இரண்டு கண்ணின் உள்ளேயும் நெடுநேரம் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்தார்.

“கண்ணுட தடிப்பு எப்பயாச்சும் அளந்த நீங்களா?”

பேணாட் பையிலிருந்து சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தான். டொக்டர் நானூற்று நாற்பத்தெட்டு என்ற எண்ணில் விரலை வைத்தார்.

“இத எத்தின தரம் அளந்தாங்க?”

“இருநூற்றுப் பதினாறு.”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லயா?”

“ஒத்துப்போகுது எண்டு சொன்னவை.”

டொக்டர் மாகிரட்டின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அழுத்தம் கூடிக் கண்ணின் நரம்பு பழுதாகிப் போயிருக்கிறது. கருவிழி மெல்லிசாக இருந்ததால் காற்றடிக்கும் மெசின் அதைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. இடக்கண்ணில் முக்கால்வாசி போய்விட்டது. வலக்கண்ணிலும் தொடங்கிவிட்டது. சொட்டு மருந்து நாள் தவறாமல் விட்டால் மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றலாம்.

“போனது?” என்றாள் மாகிரட்.

“போனது வராது. முதல் நாளே மருந்து தொடங்கியிருந்தா இவ்வளவு போயிருக்காது.”

மாகிரட் அழவில்லை. பஸ்ஸில் வரும்போது, “பன்னிரண்டு புதன்,” என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை இருவரும் டொக்டரின் கடிதத்தோடு நிலையத்துக்குப் போனார்கள். பணிப்பாளர் கடிதத்தை வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் கறுத்தது. கதிரையில் சாய்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மனிதனுக்கு மனவேதனை என்று பேணாட் நினைத்தான். மனவேதனைதான்.

“எங்களை இப்பிடி ஏமாத்திப்போட்டியளே,” என்றார் பணிப்பாளர்.

“நாங்களோ?”

“இது ஆரோக்கியமான கண்களுக்கான ஆய்வு. வருத்தக் கண்ணை உள்ளுக்குக் கொண்டுவந்திருக்கிறியள். இருநூற்றுப் பதினாறு அளவையும் இப்ப நான் அழிக்கவேணும். என்ர நடுக்கோட்டிலை நிண்ட ஒரே புள்ளி!” அவருடைய குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. “சான்றிதழைத் திருப்பித் தாங்கோ. அது ஆரோக்கியமான கண்ணுக்குக் குடுத்தது.”

திரைக்கு இந்தப் பக்கமிருந்து லோஜினியும், அந்தப் பக்கமிருந்து நுஸ்கியும் எழுந்து வந்து அறை வாசலில் நின்றார்கள்.

மாகிரட் சட்டமிட்ட சான்றிதழைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பணிப்பாளர் எழுந்து அவளுடைய இடப்பக்கம் நின்றார். அவள் நீட்டியது வலப்பக்கத்திலிருந்த இரும்பு அலுமாரியிடம். கடைசியில் பணிப்பாளர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அலுமாரிக்கு முன்னால் நின்று, அதைப் பெற்றுக்கொண்டார்.

லோஜினி அழத் தொடங்கிவிட்டாள்.

“முதல் நாளே எனக்கு மனம் கேக்கேல்லை,” என்றாள். பணிப்பாளரிடம் அல்ல, நுஸ்கியிடம் சொன்னாள். ஐந்து வருடத்தில் அவனிடம் அவள் சொன்ன முதல் வசனம் அது. “நானூற்று நாப்பத்தெட்டு எண்டு வந்தோடனை, இது நல்லாக் குறைவு எண்டு யோசிச்சனான். நான்தான் பிழையா அளந்திட்டன் எண்டு நினைச்சன்.”

நுஸ்கி தலையைக் குனிந்தான். “நானும் அப்படித்தான் நினைச்ச. நீங்க என்ன எடுத்த எண்டு தெரிஞ்சிருந்தா அண்டைக்கே அக்காட்டச் சொல்லியிருப்பன்.”

“ஏன் கேக்கேல்லை?”

“கதைக்க ஏலாதே.”

பணிப்பாளர் பாய்ந்து வந்தார். “கதைச்சுப்போட்டியள்! அளவைப் பற்றிக் கதைச்சுப்போட்டியள்!” உறைகள் அடுக்கியிருந்த றாக்கையைக் கண்ணீரோடு பார்த்தார். “ஐஞ்சு வருச வேலை. எல்லாம் செல்லாது. முதலாம் கட்டத்தை இனி முதலிலை இருந்து தொடங்கவேணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பழுதான வேலையை மறுபடி தொடங்குகிற ஒருவருக்கே உரிய அக்கறையோடு, பேணாட்டின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

“உங்கட கண் எப்பிடி?”

“நல்லாத் தெரியும்.”

“அப்ப புதன்கிழமை வாங்கோவன். தேத்தண்ணியும் பணிசும் இருக்கு.”

“ஏலாது ஐயா,” என்றான் பேணாட். “என்ர கண் இவவுக்கு வேணும்.”

மனைவியின் இடப்பக்கம் வந்து நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் வெளியே இறங்கினார்கள். பூட்டிய ஜன்னலடியில் யாரோ ஒரு கிழவி, கையில் துண்டுப்பிரசுரத்தோடு, திறப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள். பேணாட் நின்று, கிண்ணியா டொக்டரின் இடத்தை அவளுக்குச் சொன்னான்.

கேற்றடியில் ஒரு மான் நின்றது.

“பாத்து,” என்றான் பேணாட். “மான்.”

மாகிரட் நின்றாள். “எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

அவள் முகத்தை முழுவதுமாகத் திருப்பினாள். எல்லாரும் கண்ணைத் திருப்புகிற தூரத்துக்கு அவள் கழுத்தையும் தோளையும் திருப்பவேண்டியிருந்தது.

“ஓம்,” என்றாள். “இப்ப நிக்குது.”